கப்பலின் ஏடு கப்பலோடு போக வேண்டும்

ஒரு சரக்குக் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, உடைக்கும் கரையில் முடிவதற்குள் ஏறத்தாழ 25 ஆண்டுகள் உழைக்கிறது. அத்தனை ஆண்டுகளும் அதன் உடலைப் பற்றியும் இயந்திரங்களைப் பற்றியும் ஓயாமல் எழுதப்படுகிறது. கட்டும்போது போட்ட வரைபடங்கள், ஒவ்வொரு பம்பின் தொடர் எண், ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்கு, சிலிண்டர் லைனரின் தேய்மானம், பேரிங்கின் இடைவெளி, உலர்துறையில் அளந்த தகட்டுத் தடிமன், மாற்றிய உதிரிபாகம், மாற்றியதற்கான காரணம் எல்லாம் சேர்ந்ததே பராமரிப்புத் தரவு.

இந்தத் தரவைப் பற்றிக் கப்பல் தொழிலில் வேரூன்றிய கருத்து ஒன்று உண்டு. கப்பல் ஓடத் தொடங்கிய பிறகுதான் பராமரிப்புத் தரவு தொடங்குகிறது. நல்ல மென்பொருள் ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். சென்சார்கள் பெருகப் பெருக அறிவும் பெருகும். கப்பல் விற்கப்பட்டால் பழைய பதிவு பழைய உரிமையாளரோடு போகட்டும், புதியவர் புதுக்கணக்கு தொடங்கிக்கொள்வார் என்பது அந்தக் கருத்து. இந்த நான்கு நம்பிக்கைகளும் தவறானவை. நான்குக்கும் வேர் ஒன்றே: தரவை நிறுவனத்தின் அலுவலகச் சொத்தாகப் பார்ப்பது. நங்கூரச் சங்கிலியைப் போல, சுக்கானைப் போல, பராமரிப்புத் தரவும் கப்பலின் உறுப்பு. அது கப்பலோடு பிறந்து, கப்பலோடு கைமாறி, கப்பலோடு முடிய வேண்டியது.

தரவு பிறக்கும் இடம்

தரவு ஓட்டத்தில்தான் தொடங்குகிறது என்ற முதல் நம்பிக்கை கட்டும் தளத்தை மறந்துவிடுகிறது. கப்பலை ஒப்படைக்கும் நாளில் அந்தத் தளத்திடம் இருக்கும் அறிவு வேறு எவரிடமும் இல்லை. எந்தக் குழாய் எந்த உலோகம், எந்த வால்வு எந்த நிறுவனத்தின் செய்பொருள், சோதனை ஓட்டத்தில் முதன்மை இயந்திரத்தின் ஒவ்வொரு சிலிண்டரும் காட்டிய வெப்பநிலை என்ன, கிராங்க் ஷாஃப்டின் விலகல் எவ்வளவு என்பவை அங்கேதான் முதன்முதலில் அளந்து எழுதப்படுகின்றன. பின்னாளில் எடுக்கும் எந்த அளவும் இந்த முதல் அளவோடு ஒப்பிடும்போதுதான் பொருள் பெறும். முதல் அளவு கையில் இல்லாதவருக்குப் பத்தாம் ஆண்டின் அளவு வெறும் எண்.

நடைமுறையில் இந்த அறிவு பெட்டி பெட்டியாகக் கையேடுகளாகவும் ஸ்கேன் செய்த வரைபடங்களாகவும் கப்பலில் ஏற்றப்படுகிறது. பிறகு கரையில் யாரோ ஒருவர் அந்தக் கையேடுகளைப் புரட்டி, எந்த வேலையை எத்தனை மணிக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்கிறார். கட்டும் தளத்தின் கணினியில் ஒழுங்காக இருந்த தரவு இப்படித் தாளாகி, தாளிலிருந்து மறுபடி கணினிக்குள் போகிறது. போகும் வழியில் பாதி உதிர்கிறது. குறியீட்டு முறை இல்லை என்று இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. கப்பலின் ஒவ்வொரு அமைப்புக்கும் எண் கொடுக்கும் எஸ்.எஃப்.ஐ. முறை நார்வேயில் 1972இலேயே உருவாகிவிட்டது. கட்டும் ஒப்பந்தத்தில் அதை எழுத உரிமையாளருக்கு மனம் வராததே குறை.

இந்த உதிர்வின் விலை என்ன என்பதை வைக்கிங் ஸ்கை என்ற பயணக் கப்பல் காட்டியது. 2017இல் ஒப்படைக்கப்பட்ட அந்தப் புதிய கப்பல், 2019 மார்ச் 23 அன்று நார்வேயின் ஹுஸ்டாட்விகா கடற்பகுதியில் புயலின் நடுவே மின்சாரம் முழுவதையும் இழந்தது. கப்பலில் 1,373 பேர் இருந்தார்கள். பாறைக் கரை மிக அருகில் இருந்தது. ஜெனரேட்டர்களின் மசகு எண்ணெய்த் தொட்டிகளில் எண்ணெய் 28 முதல் 40 விழுக்காடு வரையே இருந்தது. இயந்திரத்தைச் செய்த நிறுவனத்தின் பரிந்துரையோ 68 முதல் 75 விழுக்காடு. கப்பல் ஆடியபோது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்க, அழுத்தம் விழுந்து ஜெனரேட்டர்கள் தாமாகவே நின்றன. தொட்டியின் வடிவத்தை அறிந்தது கட்டும் தளம். இருக்க வேண்டிய எண்ணெயின் அளவை அறிந்தது இயந்திரம் செய்த நிறுவனம். எண்ணெய் ஊற்ற வேண்டியவர்கள் கப்பலின் பொறியாளர்கள். மூன்று இடத்து அறிவும் ஒரே ஏட்டில், ஒரே எண்ணாக, ஊற்றுகிறவர் கண்முன் நின்றிருக்க வேண்டும்.

மென்பொருளின் ஆயுளும் கப்பலின் ஆயுளும்

இரண்டாவது நம்பிக்கை மென்பொருளின் மீது வைத்தது. பராமரிப்பு மென்பொருள் தேவை என்பதில் ஐயமில்லை. ஆயிரக்கணக்கான வேலைகளை நாள் தவறாமல் நினைவூட்ட வேறு வழி கிடையாது. ஆனால் மென்பொருள் தரவின் பெட்டிதான், தரவே அல்ல. கப்பலின் 25 ஆண்டு ஆயுளில் ஒரு மென்பொருள் பல பதிப்புகளைத் தாண்டும், விற்ற நிறுவனம் கைமாறும், சில வேளை மென்பொருளே வழக்கொழிந்து போகும். ஹெர்மீஸ் என்ற பெயரில் 1944இல் கீல் பதிக்கப்பட்டு, 1959இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து, 1987இல் விராட் என்று இந்தியக் கடற்படைக்கு வந்து, 2017இல் ஓய்வு பெற்று, 2020இல் உடைக்கப்படுவதற்காக அலங் கரையை அடைந்த விமானந்தாங்கிக் கப்பலை எண்ணிப் பார்க்கலாம். மேசைக் கணினி என்ற பொருளே அதன் பணிக்காலத்தின் நடுவில்தான் பரவியது. பெட்டி மாறிக்கொண்டே இருக்கும் என்று தெரிந்த பிறகும் பெட்டியை மட்டுமே பார்த்து வாங்குவது பெரும் பிழை.

மென்பொருள் மாறும்போது வழக்கமாக நடப்பது இது. புதிய மென்பொருளுக்குள் இயந்திரங்களின் பெயரும், இதுவரை ஓடிய மணிக்கணக்கும், அடுத்த வேலைக்கான தேதியும் ஏற்றப்படுகின்றன. கடந்த காலம் வெளியே நின்றுவிடுகிறது. மூன்று ஆண்டுக்கு முன் அதே பேரிங் ஏன் சூடேறியது, எந்தப் பொறியாளர் என்ன கண்டார், எந்த நிறுவனத்தின் உதிரிபாகம் தரமற்றது என்ற குறிப்புகள் யாரும் திறக்காத கோப்பில் உறங்குகின்றன. அடுத்து எப்போது செய்ய வேண்டும் என்பது மட்டும் தெரியும். ஏன் செய்ய வேண்டியிருந்தது என்பது தெரியாமல் போகும்.

மென்பொருளைக் கரையிலிருந்து இயக்கினால் தரவு பத்திரமாக இருக்கும் என்பதும் முழு உண்மையல்ல. 2023 ஜனவரி 7 அன்று டி.என்.வி. நிறுவனத்தின் ஷிப்மேனேஜர் மென்பொருளைப் பிணைத்தொகைத் தாக்குதல் ஒன்று முடக்கியது. 70 வாடிக்கையாளர்களின் சுமார் 1,000 கப்பல்கள் அந்த மென்பொருளை நம்பியிருந்தன. கப்பலுக்குள்ளேயே இருந்த நிரல் கரைத் தொடர்பு இல்லாமலும் வேலை செய்ததால் கப்பல்கள் தப்பின. எந்தப் பிரதி அன்று காப்பாற்றியது என்பது கவனிக்கத் தக்கது: கப்பலிலேயே இருந்த பிரதி.

மென்பொருளால் தானாகத் தீர்க்க முடியாத இன்னொரு சிக்கலும் உண்டு. அது இடத்துக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாடு. மூன்றாம் ஜெனரேட்டரின் டர்போசார்ஜரிலிருந்து கழற்றிய சுழலியைப் பட்டறைக்கு அனுப்பிப் பழுது பார்த்து, ஆறு மாதம் கழித்து முதலாம் ஜெனரேட்டரில் பொருத்துவது கப்பலில் அன்றாட வேலை. பதிவோ பெரும்பாலும் இடத்தின் பெயரில் இருக்கிறது. சுழலி இடம் மாறும்போது அதன் வயது அதனோடு போவதில்லை. தொடர் எண்ணையும் இடத்தையும் தனித்தனியே எழுதி, இரண்டையும் தேதியால் இணைக்காவிட்டால் எந்த விலை உயர்ந்த மென்பொருளும் பொய்யைத்தான் காட்டும்.

எண்கள் பெருகினால் அறிவு பெருகுமா

சென்சார்களின் மீது உள்ள மூன்றாவது நம்பிக்கை இன்று மிக உரத்துப் பேசப்படுகிறது. அதிர்வையும் வெப்பத்தையும் நொடிக்கு நொடி அளந்தால் பழுது வருமுன்னே தெரிந்துவிடும் என்கிறார்கள். சில கருவிகளுக்கு இது உண்மை. மசகு எண்ணெயின் ஆய்வும் அதிர்வு அளவீடும் பல பேரிங்குகளைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் சென்சார் சொல்வது இப்போது என்ன நடக்கிறது என்பதை மட்டுமே. அது ஏன் நடக்கிறது என்பதைக் கருவியின் கடந்த காலம்தான் சொல்லும்.

1978இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக நோலன், ஹீப் என்ற இருவர் விமானப் பராமரிப்பைப் பற்றி எழுதிய அறிக்கை பொறியியலில் ஒரு திருப்பம். ஆராய்ந்த உறுப்புகளில் 11 விழுக்காடுதான் வயதோடு பழுதாகும் போக்கைக் காட்டின. 68 விழுக்காட்டில் பழுது வாய்ப்பு பொருத்திய தொடக்கத்திலேயே மிகுதியாக இருந்தது. உப்புக் காற்றும் அரிப்பும் ஆளும் கப்பலில் இந்த விழுக்காடுகள் மாறும். ஆயினும் பாடம் மாறாது: கருவியைத் தொட்ட கையே பல வேளை பழுதின் தொடக்கம். ஆகவே கடைசியாக அதைப் பிரித்தவர் யார், எதை மாற்றினார், எப்படிப் பூட்டினார் என்ற பதிவு எந்த அதிர்வு வரைபடத்துக்கும் குறைந்ததல்ல.

2024 மார்ச் 26 அன்று பால்டிமோர் துறைமுகத்தில் டாலி என்ற கொள்கலன் கப்பல் மின்சாரம் இழந்து ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தில் மோதியது. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 நவம்பரில் அறிவித்த முடிவு, முதல் மின்தடையின் மூலத்தை ஒரே ஒரு கம்பியில் கண்டது. கம்பியின் பெயரைக் காட்டும் சிறு பட்டை தவறாகப் பொருத்தப்பட்டிருந்ததால், கம்பியின் முனை இணைப்புக் கட்டைக்குள் முழுமையாகச் செருகப்படவில்லை. 2015இல் கட்டிய நவீனக் கப்பல் அது. ஆயிரக்கணக்கான கம்பி முனைகளில் ஒவ்வொன்றுக்கும் சென்சார் வைக்க இயலாது. அவற்றைக் காப்பது முறையான சோதனை. அந்தச் சோதனைக்கு வழிகாட்டுவது எந்த இணைப்பு எப்போது, எப்படிச் செய்யப்பட்டது என்ற பதிவு.

எண்கள் பெருகுவதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. கரையிலுள்ள அலுவலகம் நிலுவை வேலைகளின் விழுக்காட்டைப் பார்த்தே கப்பலை மதிப்பிடும்போது, தணிக்கைக்கு முந்தைய இரவில் வேலைகள் கணினியில் மட்டும் முடிந்துவிடுகின்றன. ஆட்கள் குறைவு, துறைமுகத்தில் நிற்கும் நேரம் குறைவு, வேலைப் பட்டியலோ நீளம். இந்த நெருக்கடியில் பொறியாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. செய்யவில்லை என்ற நேர்மையான குறிப்புக்குத் தண்டனையும், செய்தேன் என்ற பொய்க் குறிப்புக்குப் பாராட்டும் தரும் முறைதான் குற்றவாளி. செய்யாத வேலையைச் செய்யாததாக எழுதிய பதிவு அடுத்தவரைக் காக்கும். செய்ததாக எழுதிய பதிவு அவரை ஏமாற்றும்.

விற்பனையில் அறுபடும் நூல்

நான்காவது நம்பிக்கையே மிகப் பெரிய தீங்கு. கப்பல் கைமாறினால் கணக்கும் புதிதாகத் தொடங்கலாம் என்பது அது. பழைய கப்பல் வாங்கி விற்பதில் பரவலாகப் பயன்படும் நார்வே விற்பனைப் படிவமே இதற்கு இடம் தருகிறது. வகைப்பாட்டுச் சான்றிதழ்களையும் கப்பலிலுள்ள வரைபடங்களையும் விற்பவர் ஒப்படைக்க வேண்டும். பிற தொழில்நுட்ப ஆவணங்களை, வாங்குபவர் கேட்டால், வாங்குபவர் செலவில் அனுப்பினால் போதும். லாக் புத்தகங்களை விற்பவரே வைத்துக்கொள்ளலாம். வாங்குபவர் நகல் எடுத்துக்கொள்ளலாம். கணினிக்குள் இருக்கும் பராமரிப்பு வரலாறு இந்த ஏற்பாட்டில் கேட்டால்தான் கிடைக்கும், கேட்டாலும் எந்த வடிவில் கிடைக்கும் என்ற உறுதி இல்லாத பொருளாகிவிடுகிறது.

இரும்பு வயதாகும்போது இப்படி நூல் அறுவது என்ன செய்யும் என்பதற்கு எரிகா சான்று. 1975இல் ஜப்பானில் கட்டிய அந்த எண்ணெய்க் கப்பல் பல பெயர்களையும் பல உரிமையாளர்களையும் கப்பலின் தகுதியை ஆய்ந்து சான்று தரும் வகைப்பாட்டுச் சங்கங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவற்றையும் கண்டது. 1999 டிசம்பர் 12 அன்று பிரான்சின் பிரிட்டானி கரைக்கு அப்பால் இரண்டாக உடைந்து, சுமார் 20,000 டன் எண்ணெயைக் கடலில் கொட்டியது. அரிப்பும் பராமரிப்புக் குறையும் அதன் உடலை உள்ளிருந்து தின்றிருந்தன. ஏடு மட்டும் இருந்திருந்தாலே எரிகா பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியாது; ஏட்டைப் படித்துத் தகட்டை மாற்றும் மனமும் வேண்டும். ஆனால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் கடந்த காலம் தேய்ந்த கப்பலில், அந்த மனம் உள்ளவருக்கும் படிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

கப்பல் சட்டமே பல இடங்களில் இந்த நான்காவது நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டது என்பதுதான் வலுவான மறுப்பு. பெயரும் கொடியும் மாறினாலும் மாறாத ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் 1996 முதல் கட்டாயம். உரிமையாளரும் கொடியும் மாறிய வரலாற்றைச் சொல்லும் தொடர் சுருக்கப் பதிவேடு 2004 ஜூலை 1 முதல் கப்பலிலேயே இருக்க வேண்டும். 150 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள எண்ணெய்க் கப்பல்களுக்கும் மொத்தச் சரக்குக் கப்பல்களுக்கும், 2016 ஜூலை 1 முதல் செய்த ஒப்பந்தங்களில், கட்டுமானக் கோப்பு கட்டாயம். ஆயுள் முழுவதும் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். டீசல் இன்ஜினின் நைட்ரஜன் ஆக்சைடு வெளியீட்டுக்கான தொழில்நுட்பக் கோப்பு, அந்த இன்ஜின் கப்பலில் இருக்கும் காலமெல்லாம் அதனோடு இருக்க வேண்டும்.

ஆக, உடலுக்கு ஏடு உண்டு, புகைக்கு ஏடு உண்டு. அதே இன்ஜினின் பேரிங்குக்கும், சுக்கானைத் திருப்பும் இயந்திரத்துக்கும், ஜெனரேட்டருக்கும் அப்படி வாழ்நாள் ஏடு கிடையாது. கப்பல் பாதுகாப்பு மேலாண்மைக்கான ஐ.எஸ்.எம். விதித்தொகுப்பின் பத்தாம் பகுதி பராமரிப்பையும் பதிவையும் கட்டாயமாக்குகிறது. ஆனால் அந்தக் கடமை கப்பலை இயக்கும் நிறுவனத்தின் மீது விழுகிறது. நிறுவனம் மாறினால் முறையும் மாறுகிறது. நூல் அறுபடும் இடம் அதுவே.

எதிர்வாதங்கள்

வகைப்பாட்டுச் சங்கம்தான் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கிறதே என்பது முதல் எதிர்வாதம். சங்கத்திடம் இருப்பது ஆய்வின் முடிவு: எந்த இயந்திரம் எப்போது பார்க்கப்பட்டது, தேறியதா, எந்த நிபந்தனை நிலுவையில் உள்ளது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு சுற்றாக நடக்கும் அந்த ஆய்வுகளுக்கு இடையில், நாளும் நடந்த வேலையின் கதை அங்கே இல்லை. தேர்வு மதிப்பெண் பட்டியல் மாணவனின் குறிப்பேடு ஆகாது.

அனுபவமுள்ள பொறியாளர் பேரிங்கில் கை வைத்தாலே நோயைச் சொல்லிவிடுவார், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இரண்டாவது. அந்தக் கையின் அறிவு உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் அந்தக் கை கப்பலில் நிற்பது சில மாதங்கள். நான்கு முதல் ஆறு மாத ஒப்பந்தம் என்று கொண்டால், 25 ஆண்டுகளில் தலைமைப் பொறியாளர் பொறுப்பு 50 முறைக்குக் குறையாமல் கைமாறும். எழுதப்படாத அனுபவம் ஒவ்வொரு முறையும் பெட்டி படுக்கையோடு இறங்கிப் போகிறது. இந்த ஏடு சுரைக்காயை வரைந்து காட்டுவதில்லை. அதை விளைவித்தவரின் குறிப்பைத் தருகிறது.

வணிக இரகசியம் மூன்றாவது எதிர்வாதம். விமானத் தொழில் இதற்கு விடை சொல்லிவிட்டது. விமானம் நிரந்தரமாகக் கைமாறினால் பராமரிப்புப் பதிவுகள் புதிய இயக்குநருக்கு மாற்றப்பட வேண்டும் என்பது சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. ஆயுள் வரம்புள்ள இன்ஜின் உறுப்புக்குப் பிறந்த நாள் முதலான பதிவு இல்லையென்றால் அந்த உறுப்பு ஏறத்தாழ மதிப்பற்றது. அதனால் விமான நிறுவனங்கள் இரகசியம் இழந்து நொடித்துப் போகவில்லை. சரக்குக் கட்டணமும் வாடகை ஒப்பந்தமும் இரகசியமாக இருக்கலாம். பேரிங்கின் இடைவெளி யாருடைய வணிக இரகசியமும் அல்ல.

செலவு என்பது கடைசி எதிர்வாதம். கட்டும்போதே குறியிட்ட தரவாகப் பெறுவது, பிறகு ஆளை அனுப்பி ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் படித்து எழுதுவதைவிட மலிவு. வரலாறு தெரியாத இயந்திரத்தைத் தேவையின்றிப் பிரித்துப் பார்க்கும் செலவும், கப்பல் நடுக்கடலில் நிற்கும் நாளின் இழப்பும் கணக்கில் வந்தால் ஏட்டின் செலவு சிறிது.

செய்ய வேண்டியது

கட்டும் ஒப்பந்தத்தில் கருவிப் பட்டியலும், முதல் அளவுகளும், வேலை அட்டவணையும் பொதுக் குறியீட்டில், எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய திறந்த வடிவில், ஒப்படைப்புப் பொருளாகவே எழுதப்பட வேண்டும். அவை வராவிட்டால் கடைசித் தவணைப் பணமும் நிற்க வேண்டும். மென்பொருள் வாங்கும்போது முழு வரலாற்றையும் வெளியே எடுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கப்பலில் எப்போதும் ஒரு முழுப் பிரதி இருக்க வேண்டும். விற்பனைப் படிவம் பராமரிப்பு வரலாற்றை விருப்பப் பொருள் என்ற நிலையிலிருந்து கட்டாயப் பொருளாக மாற்ற வேண்டும். திடீரென நின்றால் ஆபத்து விளைவிக்கும் கருவிகளை அடையாளம் காண ஐ.எஸ்.எம். ஏற்கெனவே கட்டளையிடுகிறது, அந்தக் கருவிகளுக்கேனும் கட்டுமானக் கோப்பைப் போன்ற வாழ்நாள் ஏட்டைச் சட்டம் கோர வேண்டும்.

இப்படி ஓர் ஏட்டைக் கடைசி நாள் வரை கொண்டுசெல்ல முடியும் என்பதற்கு அலங் கரையே சாட்சி. 2009இல் இயற்றப்பட்ட ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆஸ்பெஸ்டாஸ் முதலிய தீங்கான பொருள்கள் கப்பலில் எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியல் ஆயுள் முழுவதும் புதுப்பிக்கப்பட்டு, உடைக்கும் தளத்தின் கைக்கு வந்து சேர வேண்டும். நடுக்கடலில் கேஸ்கெட் ஒன்றை மாற்றிய பொறியாளர் அதை எழுதத் தவறினால், பல ஆண்டுகள் கழித்து அந்தக் குழாயை அறுக்கும் தொழிலாளியின் நுரையீரல் அதற்கு விலை கொடுக்கிறது. பராமரிப்புத் தரவின் கடைசி வாசகர் அந்தத் தொழிலாளி. அவர் கைவரை போய்ச் சேராத தரவு, எத்தனை அழகான மென்பொருளில் இருந்தாலும், முழுமையான தரவு அல்ல.